பதினைந்து கரித்துண்டுகள்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து கோயில் வளாகம் காலியாகத் தொடங்கும் வேளையில், லூர்து மாதா கெபியின் (குகை வடிவச் சிற்றாலயத்தின்) முன் நாங்கள் இருபது பேர் கூடுவோம். எங்கள் குழுவை நடத்தும் அக்கா தம் கைப்பையிலிருந்து ஓர் எவர்சில்வர் சம்புடத்தை எடுத்துத் திறப்பார். அதற்குள் நான்காக மடித்த இருபது சீட்டுகள் இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் செபமாலையின் (மணிமாலையை உருட்டியபடி, மணிக்கு ஒரு செபமாகச் சொல்லும் கத்தோலிக்க மன்றாட்டின்) ஒரு மறையுண்மை, அதாவது இயேசு, மரியா வாழ்வின் ஒரு நிகழ்ச்சி: கபிரியேல் வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது, இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்றது, கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது, சாவை வென்று உயிர்த்தெழுந்தது என்று மகிழ்ச்சியும் ஒளியும் துயரமும் மகிமையுமாக இருபது. யாருக்கு எந்தச் சீட்டு வருகிறதோ, அவர் அந்த மாதம் முழுவதும் நாள்தோறும் அந்த ஒரு மறையுண்மையை மட்டும் தியானித்து, ஒரு பரலோக மந்திரமும் பத்து அருள்நிறை மந்திரமும் ஒரு திரித்துவத் துதியும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கடமை. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் இருபது பேரும் தத்தம் பத்து மணியைச் சொல்லி முடிக்கும்போது, அன்றைக்கு ஒரு முழுச் செபமாலை நிறைவேறியிருக்கும்.

குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மீன் வியாபாரம் செய்யும் சகோதரிகள் இருவர், கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் பெண், குவைத்தில் செவிலியராக வேலை பார்க்கும் ஒரு தங்கை (அவருக்காக அக்காவே சீட்டு எடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுவார்), பிறகு எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா. அந்தப் பெரியம்மாவுக்காகத்தான் சீட்டுகளில் படம் ஒட்டும் வழக்கமே வந்தது. பழைய நாள்காட்டிகளிலும் திருவிழா அழைப்பிதழ்களிலும் கிடைத்த படங்களைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, அவரே ஒட்டினார். மரியா எலிசபெத்தைச் சந்தித்த காட்சிக்குப் படம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே, இரண்டு பெண்கள் தோளோடு தோள் சேர்த்து நிற்கும் ஒரு ஜவுளிக்கடை விளம்பரப் படத்தை வெட்டி ஒட்டினார். "ரெண்டு பேரும் சொந்தக்காரிய. சந்தோசமா நிக்காளுவ. இது போதும்" என்றார். இன்றுவரை அந்தச் சீட்டை யாரும் மாற்றவில்லை.

இந்தக் குழுவில் சேர்ந்த புதிதில் என் நண்பர் ஒருவர் கேட்டார்: "வீட்டில் தனியாக உட்கார்ந்து, நாளுக்கு ஐந்து மறையுண்மையாக, தொடக்கத்து மூன்றோடு ஐம்பத்து மூன்று மணியையும் சொன்னால் ஆண்டவர் கேட்கமாட்டாரா? பத்து மணி சொல்வதற்கு ஒரு சபையும் சீட்டும் எதற்கு?" நியாயமான கேள்விதான். எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. அக்டோபர், செபமாலை மாதம் என்பதால், அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இந்தச் சபைகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

செபமாலை என்றாலே எனக்கு ஆச்சியின் குரல்தான் முதலில் கேட்கும். மாலை ஏழு மணிக்குப் பாய் விரித்து, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அவர் பழைய பாடத்தில் தொடங்குவார். நாங்கள் புதிய பாடத்தில் பதில் சொல்வோம். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே ஐம்பத்து மூன்று மணியும் முடியும். செபமாலையைக் குடும்பச் செபமாகவோ தனிச் செபமாகவோ மட்டுமே நான் அறிந்திருந்ததற்கு இதுவே காரணம். ஆனால் செபமாலை இன்றைய வடிவில் உலகமெங்கும் பரவியதற்குக் குடும்பங்களைவிடச் சபைகளே பெரிதும் காரணமாக இருந்திருக்கின்றன.

மடங்களில் துறவிகள் 150 திருப்பாடல்களையும் இலத்தீனில் ஓதினார்கள். எழுத்தறியாத மக்களால் அது முடியாது. அவர்கள் 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 மங்கள வார்த்தைகளை (அருள்நிறை மந்திரங்களை) மணிகளில் எண்ணிச் சொன்னார்கள். அதனால்தான் செபமாலைக்கு 'மரியாவின் திருப்பாடல் நூல்' என்ற பெயரும் இருந்தது. 1470ஆம் ஆண்டு வாக்கில் துவே என்னும் ஊரில், பிரித்தானி பகுதியைச் சேர்ந்த தொமினிக்கன் துறவி ஆலன் தெ ரூபே, அந்தப் பெயரிலேயே ஒரு சபையை நிறுவினார். 1475ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், மாதாவின் பிறந்தநாள் விழாவன்று, ஜெர்மனியின் கொலோன் நகரத் தொமினிக்கன் மடத்தின் தலைவராக இருந்த யாக்கோப் ஸ்ப்ரெங்கர் அங்கே செபமாலைச் சபையைத் தொடங்கினார். பர்கண்டி நாட்டுக் கோமகனின் படை பக்கத்து நகரான நொய்ஸை முற்றுகையிட்டு, கொலோனையும் அச்சத்தில் வைத்திருந்து, அப்போதுதான் விலகியிருந்தது. பேரரசர் மூன்றாம் பிரடெரிக் முதலானோர் அந்தச் சபையின் பதிவேட்டில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் சபையின் விதிகளைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் பக்திச் சபைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் சேரப் பணம் கட்ட வேண்டும், ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டும், விருந்துச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். வணிகரும் கைவினைச் சங்கத்தாரும் சேரலாம். கூலிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதுதான். கொலோன் செபமாலைச் சபையிலோ சேர்வதற்குக் காசு கிடையாது. ஆண், பெண், பிரபு, பணிப்பெண், யாராக இருந்தாலும் பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும். வாரத்துக்கு மூன்று முறை ஐம்பது மணி சொல்ல வேண்டும். தவறினால் அது பாவமாகாது. இறந்தவர்களின் பெயரையும் பதியலாம். உயிரோடிருக்கும் ஒருவர் அவருக்காகச் சொன்னால் போதும். பேரரசரும் வண்ணாத்தியும் ஒரே புத்தகத்தில், ஒரே கடமையோடு, ஒருவருடைய செபத்தின் பலன் மற்றவருக்கும் சேரும்படி பதியப்பட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் ஆல்பிரெக்ட் டூரர் 1506இல் வெனிஸ் நகரில் ஜெர்மானிய வணிகர்களுக்காகத் தீட்டிய பீட ஓவியத்தைத் தேடிப் பார்க்கலாம். அது இன்று பிராகா நகரத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மாதாவும் குழந்தை இயேசுவும் புனித தொமினிக்கும் வானதூதர்களும் மண்டியிட்டிருக்கும் கூட்டத்தின் தலையில், செபமாலையின் அடையாளமான ரோஜா மாலைகளைச் சூட்டுகிறார்கள். முன்வரிசையில் திருத்தந்தையும் பேரரசரும். ஆனால் என் கண் போய் நின்றது வலப்பக்க ஓரத்தில், கையில் மூலைமட்டத்தைப் பிடித்தபடி நிற்கும் ஒரு கட்டடக் கலைஞரிடம். வேலைக்கருவியோடு அவர் வந்து நிற்கிறார். அதை யாரும் கீழே வைக்கச் சொல்லவில்லை.

ஒட்டோமான் துருக்கியரின் கப்பற்படையைக் கிறிஸ்தவ நாடுகளின் படை வென்ற 1571ஆம் ஆண்டின் லெப்பாந்தோ கடற்போரும், அன்று ரோமில் செபமாலைச் சபையினர் பவனி சென்று வேண்டியதும், அதன் நினைவாக அக்டோபர் 7ஆம் நாள் விழா வந்ததும் பலரும் அறிந்தவை. மறையுரைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 250 ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்சின் லியோன் நகரில் ஓர் இளம்பெண் செய்த வேலை. எங்கள் எவர்சில்வர் சம்புடம் அங்கிருந்துதான் வருகிறது.

பவுலின் ஜாரிக்கோ 1799ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் லியோனில் ஒரு பட்டு வணிகரின் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் கோயில்கள் மூடப்பட்டு, குருக்கள் கொல்லப்பட்டோ நாடு கடத்தப்பட்டோ போயிருந்த காலம் அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. செல்வமாக வளர்ந்த, அலங்காரத்தில் பிரியமுள்ள பெண். பதினைந்து வயதில் ஒரு முக்காலியிலிருந்து தவறி விழுந்தார். அதிலிருந்து நீண்டகால நோய். அந்த நாள்களிலேயே தாயையும் இழந்தார். 1816ஆம் ஆண்டு தவக்காலத்தில் புனித நிசியே ஆலயத்தில் வீண்பெருமையைப் பற்றி ஒரு மறையுரையைக் கேட்டார். பட்டாடையையும் நகைகளையும் களைந்துவிட்டு, ஆலையில் வேலை செய்யும் பெண்களைப் போல எளிய பருத்தி உடை உடுத்தத் தொடங்கினார். ஃபூர்வியேர் குன்றிலிருக்கும் மாதா கோயிலில் தம்மைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார். ஆனால் கன்னியர் மடம் எதிலும் சேரவில்லை. கடைசிவரை பொதுநிலைப் பெண்ணாகவே வாழ்ந்தார்.

முதலில் அவர் தொடங்கியது வேறொரு வேலை. பாரீசில் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஃபிலியாஸ், ஆசிய மறைத்தளங்கள் வறுமையில் தவிப்பதைக் கடிதத்தில் எழுதியதைப் படித்து, பட்டாலைப் பெண்களிடம் வாரத்துக்கு ஒரு 'சூ' (அன்றைய மிகச் சிறிய செப்புக்காசு) கொடுத்து, அன்றாடம் ஒரு சிறு செபமும் சொல்லும்படி கேட்டார். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு. அப்படிப் பத்துப் பொறுப்பாளர்களுக்கு இன்னொருவர். இந்தக் கணக்கு 1822ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் விசுவாசப் பரப்புச் சபையாக உருவெடுத்தது. நமக்கும் இதில் பங்குண்டு. புதுச்சேரியில் உழைத்த பாரீஸ் மறைபரப்புக் குருக்களுக்கும், 1830களின் இறுதியில் மதுரை மறைத்தளத்தை மீண்டும் எடுத்து நடத்த வந்த இயேசு சபையினருக்கும் அந்தச் சபையின் பணம் வந்தது. நம் பக்கத்துப் பழைய கோயில்களின் சுவர்களில் லியோன் ஆலைப் பெண்களின் செப்புக்காசும் கலந்திருக்கிறது என்பதை அறிந்தபின், அந்தப் பெண்களுக்காகவும் ஒரு மங்கள வார்த்தை சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பத்துப் பத்தாகக் கூட்டும் இந்தப் பழக்கம்தான் 1826இல் செபமாலைக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்குச் செபமாலை என்றால் வேறு வேலையில்லாத முதியவர்களின் பக்தி என்ற எண்ணம் பரவியிருந்தது. பதினைந்து மறையுண்மைகளையும் முழுதாகச் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். விடிவதற்கு முன் தறியில் உட்கார்ந்து இருட்டிய பிறகு எழுந்திருக்கும் நெசவாளிக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கும்? பவுலின் அதைப் பதினைந்தாகப் பிரித்தார். பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு. ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு மறையுண்மை, பத்து மணி. மாதத்துக்கு ஒருமுறை சீட்டு எடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். பதினைந்து பேரும் சொல்லி முடித்தால் 150 மணியும் நிறைவேறிவிடும். செபமாலையின் ஒவ்வொரு மணியும் ஓர் உயிருள்ள மனிதர் என்பதால் அதற்கு 'வாழும் செபமாலை' என்று பெயரிட்டார். குழுவின் சிறு சந்தாவில் நல்ல புத்தகங்களும் படங்களும் செபமாலைகளும் வாங்கி, குருக்கள் இல்லாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். 1832இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அதற்கு ஒப்புதல் அளித்தார். சில ஆண்டுகளுக்குள் பிரான்சில் மட்டும் இலட்சக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள்.

குழுக்களில் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி வந்திருக்க வேண்டும். பக்தியில் ஊன்றியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சேர்த்தால் சபை கட்டுக்கோப்பாக இருக்குமே! பவுலின் அதை ஏற்கவில்லை. பதினைந்து கரித்துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், என்றார் அவர். ஒன்று நன்றாகக் கனிந்திருக்கிறது, மூன்று நான்கு பாதி பற்றியிருக்கின்றன, மற்றவற்றில் நெருப்பே இல்லை. ஆனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள், தணலாகிவிடும்.

கரியடுப்பு மூட்டிப் பழகிய எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. நன்றாகக் கனிந்த துண்டை வெளியே எடுத்துத் தனியாக வைத்தால் சாம்பல் பூத்து அணைந்துவிடும். பற்றாத துண்டுகளின் நடுவில் வைத்து இரண்டு முறை விசிறினால் அவையும் சிவக்கும், அதுவும் அணையாது. நண்பரின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. சபை என்பது பற்றாத கரிக்காக மட்டும் ஏற்பட்டதல்ல, கனிந்த கரிக்கும் அது வேண்டும்.

நான் எந்தக் கரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு மாதம் 'இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது' என் சீட்டாக வந்தது. அலுவலகத்தில் வேலை நெருக்கடி. தொடர்ந்து பதினோரு நாள் நான் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் மறதி. பிறகு, யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம். பன்னிரண்டாம் நாள் இரவில்தான் உறைத்தது: தனியாகச் செபிக்கிறவன் விட்டுவிட்டால் அவனுடைய செபம்தான் குறையும், நான் விட்ட பதினோரு நாளும் மற்ற பத்தொன்பது பேரும் ஒழுங்காகச் சொல்லியும் எங்கள் செபமாலை முழுமையடையாமல் நின்றிருக்கிறது. பூங்காவனத்தில் சீடர்கள் உறங்கிவிட்ட காட்சியைத் தியானிக்க வேண்டியவன் நான் என்பதும் சேர்ந்து மனதை அறுத்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். விட்டுப்போன நூற்றுப்பத்து மணியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "கடன் மாதிரி அடைக்காண்டாம். இன்னைக்கு உள்ளதை இன்னைக்குச் சொல்லு" என்றார். தவறினால் பாவமில்லை என்று கொலோனில் ஸ்ப்ரெங்கர் எழுதிவைத்த விதியை அக்கா படித்ததில்லை. ஆனாலும் அதே இரக்கத்தோடு பேசினார்.

பவுலினின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1835இல் கடுமையான நோயோடு இத்தாலிக்குப் பயணம் செய்தார். ரோமில் அவர் தங்கியிருந்த கன்னியர் மடத்துக்குத் திருத்தந்தையே வந்து பார்த்தார். இனிப் பிழைக்கமாட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அங்கிருந்து முஞ்ஞானோ ஊரிலுள்ள புனித பிலோமினாவின் திருத்தலத்துக்குச் சென்றவர் ஆகஸ்ட் 10ஆம் நாள் நலமடைந்தார். அந்தப் புனிதை வாழும் செபமாலையின் பாதுகாவலியானார். சபையின் சீட்டுகளோடும் படங்களோடும் அவர் பெயரும் நாடு நாடாகப் பரவியது. தமிழகக் கத்தோலிக்கத் தெருக்களில் இத்தனை பிலோமினாக்கள் இருப்பதன் பின்னால் அந்தப் பயணத்துக்கும் ஒரு பங்கு இருக்கத்தான் வேண்டும்.

லியோனில் பட்டு நெசவாளர்கள் 1831இலும் 1834இலும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்ததையும், படையினர் அவர்களை அடக்கியதையும் பவுலின் கண்ணெதிரே கண்டார். செபம் மட்டும் போதாது, தொழிலாளிக்கு நியாயமான கூலியும் குடும்பத்தோடு வாழ வீடும் வேண்டும் என்று தீர்மானித்து, 1845இல் தெற்கே ருஸ்த்ரெல் என்னும் ஊரில் ஓர் இரும்பு உருக்காலையை வாங்கினார். பொறுப்பை ஒப்படைத்தவர்கள் அவரை ஏமாற்றினார்கள். ஆலை நொடித்தது. அவரை நம்பிச் சேமிப்பைக் கொடுத்தவர்களில் பலர் ஏழைகள். அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகவே எஞ்சிய வாழ்நாளைக் கையேந்திக் கழித்தார். அவர் விதைத்த விசுவாசப் பரப்புச் சபையின் நிர்வாகிகளே அவரை நிறுவுநராக ஏற்று உதவ முன்வரவில்லை. ஏழை என்று அரசாங்கச் சான்று பெற்றவராக, ஃபூர்வியேர் குன்றின் சரிவிலிருந்த தம் இல்லத்தில், 1862ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் இறந்தார். 2022ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் லியோனில் கர்தினால் தாக்ளே அவரை அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) அறிவித்தபோது, அவர் இறந்து 160 ஆண்டுகள் ஆகியிருந்தன. இலட்சம் பேரைச் செபத்தில் சேர்த்த ஒருவர் முதுமையில் இவ்வளவு தனிமையில் விடப்பட்டார் என்பது எனக்கு ஆறாத வருத்தமாகவே இருக்கிறது. சீட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

பவுலினின் கணக்கு எவ்வளவு தூரம் போய் முளைத்தது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். போலந்தின் கிராக்கோவ் நகரில் தெம்ப்னிகி என்றொரு பகுதி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. இளைஞர்கள் கூடுவதே ஆபத்து. 1940இல் அந்தப் பங்கின் (கோயில் வட்டாரத்தின்) சலேசிய சபைக் குருக்கள் இளைஞர் பணியை யான் திரனோவ்ஸ்கி என்ற தையற்காரரிடம் ஒப்படைத்தார்கள். கூச்ச சுபாவமுள்ளவர், பேச்சாற்றல் இல்லாதவர், திருமணம் செய்துகொள்ளாமல் ஒரு சிறு வீட்டில் தையல் இயந்திரங்களுக்கு நடுவே வாழ்ந்தவர். அவர் இருந்த தெருவின் பெயர் ரோஜாத் தெரு. அவர் பதினைந்து பதினைந்து இளைஞர்களாக வாழும் செபமாலைக் குழுக்களை அமைத்தார். குழுத் தலைவர்களைத் தம் வீட்டில் ஒவ்வொருவராகச் சந்தித்து, செபிக்கவும் மனத்தை ஆராயவும் சொல்லிக்கொடுத்தார். 1941 மே மாதம் ஜெர்மானிய இரகசியப் போலீசார் அந்தப் பங்கின் சலேசியர்களைப் பிடித்துச் சென்றார்கள்; அவர்களில் பலர் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்கள். தையற்காரர் தம் வேலையை நிறுத்தவில்லை.

அந்தக் குழுத் தலைவர்களில் ஒருவன், பகலில் கல்குவாரியில் பாறை உடைக்கப் போன கரோல் வொய்த்திவா என்னும் இளைஞன். பிற்காலத்தில் இரண்டாம் யோவான் பவுல் என்ற பெயரில் திருத்தந்தையான அவர், 2002ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வெளியிட்ட மடலில் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் செபமாலையில் சேர்த்தார். அதனால்தான் பவுலினின் பதினைந்து இன்று எங்கள் சம்புடத்தில் இருபதாக இருக்கிறது. திரனோவ்ஸ்கி இதில் எதையும் காணவில்லை. அவர் 1947இலேயே இறந்துவிட்டார். திருச்சபை அவரை இப்போது வணக்கத்துக்குரியவர் (அருளாளருக்கு முந்தைய நிலை) என்று அழைக்கிறது. பீடத்தில் நின்று பேசத் தெரியாத ஒரு தையற்காரரிடம், குருக்களில் பெரும்பாலோரை இழந்த ஒரு பங்கை விட்டுச் செல்ல முடிந்தது என்றால், அதற்குப் பதினைந்து பேர் என்ற அந்தச் சிறிய அளவே காரணம் என்று நான் நினைக்கிறேன். ஐந்நூறு பேர் கூடினால் போலீசார் கண்ணில் படும். பதினைந்து பேர் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே மாலையைச் சொல்லி முடித்துவிடலாம். ஒருவர் முகம் வாடினாலும் மற்றவருக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் பெரிய மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் மெழுகுதிரி ஏந்திச் செபமாலை சொல்கிறார்கள். நானும் போகிறேன், உள்ளம் நெகிழ்ந்து திரும்புகிறேன். ஆனால் அங்கே நான் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் இருபது பேரில் ஒருவர் குறைந்தால் தெரிந்துவிடும். குவைத்துத் தங்கை இரவுப் பணியின் நடுவே, நோயாளிகள் உறங்கும் நேரத்தில், விரல்களை எண்ணியே தம் பத்து மணியைச் சொல்லிவிடுவதாக எழுதுவார். ஆட்டோ அண்ணன் அதிகாலை முதல் சவாரிக்கு முன் வண்டியில் உட்கார்ந்தே சொல்வார். தலைமையாசிரியர் மாலை நடையில் சொல்வார். ஒருவரையொருவர் பார்க்காமலே, விடிந்தது முதல் நள்ளிரவு வரை அந்த மாலை எங்கள் நடுவே கைமாறிக்கொண்டிருக்கிறது.

சென்ற தவக்காலத்தில் பெரியம்மாவின் சீட்டு, இயேசு சிலுவை சுமந்து சென்றது. மாதத்தின் பாதியில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மகனுடைய கைப்பேசியிலிருந்து அக்காவை அழைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "நேத்து எனக்கு நினைவு தப்பிப்போச்சு. என் பத்து மணி நின்னுபோச்சு. யாருகிட்டயாவது குடு, அறுந்துபோவக் கூடாது" என்றார். அன்று மாலையே ஆட்டோ அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். தம்முடையதையும் பெரியம்மாவுடையதையும் சேர்த்து மாதம் முடியும்வரை நாளுக்கு இருபது மணி சொன்னார். பெரியம்மா குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று இறந்தார். அடக்கத்தன்று நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் நின்று துயர மறையுண்மைகள் ஐந்தையும் சொன்னோம். நான்காம் மறையுண்மைக்கு ஆட்டோ அண்ணன்தான் முன்மொழிந்தார்.

அடுத்த இரண்டு மாதமும் இருபதாவது சீட்டை அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. நாங்கள் முறைவைத்துச் சொன்னோம். ஜூன் மாத முதல் ஞாயிறு, பத்தாம் வகுப்பு முடித்திருந்த பெரியம்மாவின் பேத்தி கெபியின் முன் வந்து நின்றாள். தானும் சேரலாமா என்று கேட்டாள். அக்கா சம்புடத்தை அவள் முன் நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்து, மெல்லப் பிரித்தாள். இரண்டு பெண்கள் தோளோடு தோள் சேர்த்து நிற்கும் அந்த ஜவுளிக்கடைப் படம்; ஓரத்தில் காய்ந்துபோன சோற்றுப் பருக்கையின் தடம். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கே ஆரம்பிக்கணுமா, நாளைக்கா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கே" என்றார் அக்கா.